1888 பதிவில் கவிதை எங்கே போனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ‘உலகின் முதல் இசைப்பதிவு’ என்ற பெயரில் சுற்றும் 1888-ஆம் வருட ஒலித்துண்டு ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். பாட்டின் பெயர் ‘தி லாஸ்ட் கார்ட்’, வரிகள் அடிலெய்டு ஆன் ப்ராக்டர் என்ற ஆங்கிலேயப் பெண் கவிஞருடையவை என்று கீழே குறிப்பு இருக்கிறது. ஆனால் கேட்டால் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல், நடுவில் ஏதோ ஊதுகிற சத்தம், ஒரு சொல்கூட இல்லை. பாடியவர் குரல் காலத்தில் அழிந்துவிட்டதா, இல்லை அந்தக் குறிப்பே தப்பா, அந்த அம்மா யார் என்பதுதான் உங்கள் கேள்வி.

குரல் அழியவில்லை. அந்தப் பதிவில் குரல் முதலிலிருந்தே கிடையாது. பியானோவும், கார்னெட் என்ற ஊதுகருவியும் மட்டும்தான். கவிஞர் பெயர் சரி. ‘உலகின் முதல்’ என்பது மட்டும் தப்பு, அதுவும் கொஞ்ச தூரத்தில்தான் தப்பு. இவ்வளவோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் வரிகள் இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டதால் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நான் ஒலிப்பதிவு வரலாற்று ஆய்வாளன் இல்லை. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் விக்டோரியா காலத்துக் கவிதை நடத்தினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன், பழைய இசைத்தட்டு சேர்க்கிற கிறுக்கும் உண்டு. இந்த மூன்றும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் எனக்குத் தெரிந்து இந்த ஒரு பாட்டுதான்.

அடிலெய்டு 1825 அக்டோபர் 30-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பிரையன் வாலர் ப்ராக்டர், தொழிலால் வழக்கறிஞர், ‘பாரி கார்ன்வால்’ என்ற புனைபெயரில் கவிஞர். இன்று அவரை யாரும் படிப்பதில்லை. ஆனால் தாக்கரே தன் ‘வானிட்டி ஃபேர்’ நாவலைச் சமர்ப்பித்தது இவருக்குத்தான் என்றால் அந்த வீட்டு வரவேற்பறைக்கு யார் யார் வந்துபோயிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். டிக்கன்ஸும் அந்த வீட்டு நண்பர். அடிலெய்டுக்கு எழுதத் தெரியாத வயதிலேயே, பிடித்த கவிதைகளை அம்மா கையால் எழுதித் தந்த ஒரு குட்டி நோட்டை, மற்றப் பிள்ளைகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அலைவதுபோல் தூக்கிக்கொண்டு அலைந்தாராம். இதைச் சொல்பவர் டிக்கன்ஸ். அடிலெய்டு இறந்தபின் வந்த கவிதைத் தொகுப்புக்கு டிக்கன்ஸ் ஒரு முன்னுரை எழுதினார். நமக்குத் தெரிந்த சொந்தக் கதைகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருபவை. நண்பரின் மகளைப் பற்றி, அவர் போனபின் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும்.

அந்த முன்னுரையில் ஒரு சம்பவம் இருக்கிறது. வகுப்பில் ப்ராக்டரைத் தொடும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. 1853-ல் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ வார இதழுக்கு மிஸ் மேரி பெர்விக் என்பவரிடமிருந்து ஒரு கவிதை வந்தது. வழக்கமாக வந்து குவிகிற குப்பையிலிருந்து தனித்துத் தெரிந்தது. போட்டார்கள், இன்னும் கேட்டார்கள், பணம் அனுப்பினார்கள். முகவரி ஒரு வாடகை நூலகம். அந்த அம்மாள் ஏதோ ஒரு பணக்காரக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவர் என்று அலுவலகத்திலேயே ஒரு கதை கட்டி, அதை அவர்களே நம்பவும் தொடங்கிவிட்டார்கள். 1854 டிசம்பரில் டிக்கன்ஸ் ப்ராக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கையில் கிறிஸ்துமஸ் சிறப்பிதழின் அச்சுப்படி. அதை மேஜைமேல் வைத்துக்கொண்டே, மிஸ் பெர்விக் என்பவரின் அழகான கவிதை ஒன்று இதில் இருக்கிறது என்று சொன்னார். மறுநாள்தான் தெரிந்தது, அதைச் சொன்னபோது மிஸ் பெர்விக் அதே அறையில்தான் இருந்தார் என்று. அடிலெய்டு தன் பெயரை ஏன் மறைத்தார் என்பதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது: சொந்தப் பெயரில் அனுப்பிப் பிடிக்காமல் போனால் திருப்பி அனுப்ப டிக்கன்ஸுக்குச் சங்கடம், இல்லையென்றால் கவிதைக்காக இல்லாமல் அப்பாவுக்காகப் போட்டுவிடுவார். இரண்டும் வேண்டாம், முன்பின் தெரியாதவளாகவே என் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறேன் என்பது அவர் முடிவு. சிபாரிசு இருந்தும் அதைத் தொடாத ஆள்.

கவிதைகள் 1858-ல் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லிரிக்ஸ்’ என்று தொகுப்பாக வந்தன, இரண்டாம் தொகுதி 1861-ல். அந்தக் காலத்தில் அவை விற்ற விற்பனை பெரியது. டென்னிசனைத் தவிர வேறு எந்தக் கவிஞரையும்விட இவருக்குத்தான் கிராக்கி அதிகம் என்று கவென்ட்ரி பாட்மோர் என்ற இன்னொரு கவிஞர் சொல்லியிருக்கிறார். விக்டோரியா ராணிக்கு மிகப் பிடித்த கவிஞர் இவர்தான் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அதை நான் கேள்விப்பட்ட செய்தியாக மட்டுமே வைத்திருக்கிறேன். ராணிக்குப் பிடித்தது என்று சொன்னால் அந்த நாளில் எது வேண்டுமானாலும் விற்கும்.

இனிப்பாக எழுதிய பக்தைக் கவிஞர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அவர் கத்தோலிக்க மதத்துக்கு மாறியவர். அன்றைய இங்கிலாந்தில் அது சாதாரண விஷயமில்லை. பெண்களுக்கு வேலை கிடைக்கவென்று 1859-ல் தொடங்கிய சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பெண்கள் அச்சுக் கோக்கலாம், வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணம் நகலெடுக்கலாம், கணக்கு எழுதலாம் என்று வாதாடி, பயிற்சியும் கொடுத்த கூட்டம் அது. எமிலி ஃபெயித்ஃபுல் என்பவர் பெண் அச்சுக்கோப்பாளர்களை வைத்து நடத்திய விக்டோரியா அச்சகத்திலிருந்து 1861-ல் ஓர் அழகான தொகைநூல் வந்தது. அதைத் தொகுத்தவரும் அடிலெய்டுதான். 1862-ல் வந்த ‘எ சேப்லட் ஆஃப் வெர்சஸ்’ புத்தகத்தின் வருமானம் முழுக்க, வீடில்லாத பெண்களும் குழந்தைகளும் இரவில் தங்குகிற லண்டன் விடுதி ஒன்றுக்குப் போனது. நீங்கள் கேட்ட பாட்டின் மூலக் கவிதை 1860-ல் முதலில் அச்சானதுகூட அந்தப் பெண்கள் வட்டம் நடத்திய ‘இங்கிலிஷ் உமன்ஸ் ஜர்னல்’ பத்திரிகையில்தான். பிற்பாடு ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையிலும் கண் கசியப் பாடப்பட்ட பாட்டு, பெண் உரிமைப் பத்திரிகையின் பக்கத்தில் பிறந்தது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அடிலெய்டு 1864 பிப்ரவரி 2-ல் காசநோயால் இறந்தார். வயது 38. கடைசிப் பதினைந்து மாதம் படுக்கையில்.

சரி, கவிதைக்கு வருகிறேன். கவிதைக்கு அவர் வைத்த தலைப்பு ‘எ லாஸ்ட் கார்ட்’, அதாவது ‘ஏதோ ஒரு’ தொலைந்த கார்ட். ‘தி’ போட்டு ‘அந்த’ என்று ஆக்கியது பாட்டு. இந்தக் கார்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை திருப்தியான சொல் கிடைக்கவில்லை. ரேஷன் கார்டு என்று பிள்ளைகள் சிரிக்கும். சுரக்கூட்டு என்றால் சமையல் பொடி மாதிரி இருக்கிறது. மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தினால் வருகிற ஒரு திரண்ட ஒலி, அவ்வளவுதான். நம்மூர் ராகம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சுரங்களில் வாழ்கிறது. அவர்கள் இசை பெரும்பாலும் இந்தத் திரளில் வாழ்கிறது. சினிமாப் பாட்டில் கிட்டார்காரர் போடுவதும் இதைத்தான்.

நான்கு வரிப் பாக்கள் ஏழு, அதாவது மொத்தம் 28 வரிகள். சாரத்தை என் சொற்களில் தருகிறேன். ஒருநாள் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அலுப்பு, மனசு சரியில்லை, விரல்கள் சத்தம் போடுகிற கட்டைகளின் மேல் சும்மா அலைந்தன. என்ன வாசித்தேன் என்ன கனவு கண்டேன் என்று தெரியாது. திடீரென்று ஒரு கார்ட் விழுந்தது, மகத்தான ஆமென் ஒன்றின் ஒலிபோல. அது செக்கர் வானத்து அந்தியை நிறைத்தது, காய்ச்சலாய்க் கிடந்த மனசின்மேல் கைவைத்தது, வலியை அடக்கியது, ஒன்றோடொன்று ஒட்டாத அர்த்தங்களை எல்லாம் ஒன்றாகக் கோத்தது, போக மனமில்லாததுபோல் நடுங்கி அடங்கியது. அப்புறம் தேடுகிறேன், கிடைக்கவில்லை. ஆர்கனின் உயிரிலிருந்து கிளம்பி என் உயிருக்குள் வந்த அந்த ஒன்று கிடைக்கவே இல்லை. ஒருவேளை மரணத்தின் தூதன் அதை மறுபடி ஒலிப்பானோ, ஒருவேளை பரலோகத்தில்தான் அந்த ஆமெனைக் கேட்பேனோ.

இதை வாசிக்கிற ஆர்கன்காரர்களுக்கு உடனே இரண்டு விஷயம் கண்ணில் படும். ‘சத்தம் போடுகிற கட்டைகள்’ என்பதைப் பொருந்தாத சொல் என்று சிலர் குறை சொல்வார்கள். பழைய பைப் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: கட்டையை அழுத்தினால் உள்ளே மரக்கோல்கள் வரிசையாக இழுபட்டுத்தான் குழாயின் கதவு திறக்கும், இசைக்கு அடியில் ஒரு தடதடப்பு எப்போதும் இருக்கும். வாசிக்கிறவர் மனசு ஒன்றாதபோது அந்தத் தடதடப்புதான் முதலில் காதில் விழும். அந்தச் சொல் அனுபவத்திலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அடிலெய்டு நன்றாகப் பியானோ வாசிப்பார் என்று டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். இன்னொன்று, ஆமென். பாமாலை பாடி முடித்ததும் ‘ஆ–மென்’ என்று இழுப்போமே, அதற்கு இரண்டு கார்ட் வேண்டும். எஃப் மேஜர் பாட்டு என்றால் ‘ஆ’வுக்கு பி ஃப்ளாட், ‘மென்’னுக்கு எஃப். ஒரே கார்டை அடித்துவிட்டு அது ஆமென் போல ஒலித்தது என்றால் சங்கீதக்காரர்கள் சிரிப்பார்கள், அந்தக் காலத்திலேயே சிரித்திருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு கணக்குப் பையன் இன்னும் ஒருபடி மேலே போனான். பத்து விரலுக்குள் அடங்குவதுதானே சார், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் ஒருநாள் கிடைத்துவிடாதா என்றான். கிடைக்கும், அந்தச் சுரங்கள் கிடைக்கும். அலுத்துப்போன அந்த மாலையும், கவனமில்லாத அந்த விரல்களும் திரும்பக் கிடைக்காது. அவனுக்கு நான் சொன்ன பதில் அது. இன்றைக்கும் கவிதை அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

அடிலெய்டு இறந்து பதின்மூன்று வருடம் கழித்து, 1877 ஜனவரியில், ஆர்தர் சலிவன் இதற்கு இசையமைத்தார். கில்பர்ட்டோடு சேர்ந்து நகைச்சுவை இசைநாடகங்கள் போட்ட அதே சலிவன். அவருடைய அண்ணன் ஃப்ரெட், நடிகர், மரணப்படுக்கையில் கிடந்தார். அண்ணன் பக்கத்தில் கண்விழித்திருந்த இரவுகளில், முன்பு ஒருமுறை முயன்று விட்டுவிட்ட இந்தக் கவிதை மறுபடி கையில் கிடைத்து, சட்டென்று மெட்டு வந்துவிட்டது என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கட்டிலின் அருகிலேயே உட்கார்ந்து எழுதினாரா என்பது கதை சொல்பவரைப் பொறுத்து மாறும். கைப்பிரதியில் உள்ள தேதி ஜனவரி 13, ஃப்ரெட் இறந்தது ஜனவரி 18. இந்த இரண்டு தேதியும் பொய் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில், 31-ஆம் தேதி, அன்டோனெட் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கப் பாடகி அதை மேடையில் பாடினார்.

பிறகு நடந்ததற்கு ‘ஹிட்’ என்ற சொல்லைத் தாராளமாகப் போடலாம். ரேடியோ இல்லாத காலம். ஒரு பாட்டு பரவியது என்றால் அதன் அச்சிட்ட இசைத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடினார்கள் என்று பொருள். கால் நூற்றாண்டில் ஐந்து லட்சம் பிரதி என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படும். புகழ்பெற்ற பாடகர்கள் ஒரு பாட்டை மேடையில் பாடிப் பிரபலப்படுத்தினால், விற்கிற ஒவ்வொரு தாளுக்கும் அவர்களுக்குப் பதிப்பாளர் பங்கு தருகிற வழக்கமும் இருந்தது. இசையமைப்பாளருக்கும் பங்கு. கவிஞர் அதற்குள் கென்சல் கிரீன் கல்லறையில்.

இனி இயந்திரம். சலிவன் மெட்டுப் போட்ட அதே 1877-ன் கடைசியில்தான் எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தார். ஈயத்தாள் சுற்றிய உருளை, அதில் ஊசி குத்திய தடம். எடிசன் அதில் முதலில் சொல்லிப் பார்த்தது ‘மேரியிடம் ஒரு ஆட்டுக்குட்டி’ பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1830-ல் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆக மெஷினுக்குள் போன முதல் செய்யுளே ஒரு பெண் எழுதியதுதான்.

‘உலகின் முதல் இசைப்பதிவு’ என்பதை இங்கே தீர்த்துவிடலாம். 1860-லேயே பாரிஸில் எதுவார்-லேயோன் ஸ்காட் என்பவர் புகைக்கரி பூசிய தாளில் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாட்டின் அதிர்வைக் கோடாக வரைந்து வைத்தார். திருப்பிக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. 2008-ல்தான் கணினி வைத்து அந்தக் கோட்டை ஒலியாக்கினார்கள். 1878-ல் செயின்ட் லூயி நகரில் பதிவான ஓர் ஈயத்தாளும் பிழைத்திருக்கிறது. அதில் கார்னெட் வாசிப்பு, அப்புறம் நம்ம ஆட்டுக்குட்டி. 1888 ஜூன் 29-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பல்லாயிரம் பேர் கேட்க ஹேண்டலின் ‘இஸ்ரேல் இன் ஈஜிப்ட்’ பாடப்பட்டபோது தூரத்திலிருந்து பதிந்த மெழுகு உருளைகளும் இருக்கின்றன. நீங்கள் கேட்டது இவற்றுக்கெல்லாம் பிந்தியது. ‘பிழைத்திருக்கும் மிகப் பழைய இசைப்பதிவுகளில் ஒன்று’ என்று போட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

அதன் சந்தர்ப்பம் நன்றாகத் தெரிந்ததுதான். எடிசனின் திருத்திய ஃபோனோகிராஃப், ஈயத்தாளுக்குப் பதில் மெழுகு உருளை வைத்தது, 1888 கோடையில் லண்டன் வந்து சேர்ந்தது. அதை அங்கே பரப்பும் பொறுப்பு கர்னல் ஜார்ஜ் கூரோ என்ற அமெரிக்கருக்கு. ஆகஸ்ட் 14-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு இயந்திரத்தைக் காட்டினார். அப்போது போட்டுக் காட்டியதில் ஒன்று இந்த உருளை. ஏன் இந்தப் பாட்டு? அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு என்பது என் ஊகம். தெரிந்த மெட்டு என்றால் இரைச்சலுக்குள்ளும் காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஏன் குரல் இல்லை? மைக் இல்லாத காலம் அது. மின்சார ஒலிப்பதிவு 1925-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஒரு கூம்புக்குள் ஒலியைச் செலுத்த வேண்டும், அந்த ஒலியின் சொந்த பலத்தில் ஒரு மெல்லிய தகடு அதிர வேண்டும், அந்த அதிர்வில் ஊசி மெழுகைச் சீவ வேண்டும். கார்னெட் என்பது நம்மூர் பேண்டு செட்டில் வருகிற டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. சத்தம் அதிகம், ஒரே திசையில் பாயும், கூம்புக்கு நேராகப் பிடித்து ஊதலாம். 1878 ஈயத்தாளிலும் கார்னெட்தான் என்பது தற்செயல் இல்லை. மனிதக் குரலும் பதியும், ஆனால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற சீறும் ஒலிகள் போய்விடும். ஆர்கனோ இந்த முறைக்குச் சுத்தமாக ஒத்துவராது. அதன் ஒலி கட்டிடம் முழுக்கப் பரவி நிற்கிறது, கூம்புக்குள் கொண்டுவர முடியாது. ஆர்கனைப் பற்றிய கவிதை, ஆர்கனும் இல்லாமல் கவிதையும் இல்லாமல் மெழுகில் ஏறியது இப்படித்தான். இன்னொன்று: அந்தக் காலத்து உருளைக்கு நகலெடுக்கும் வழி கிடையாது. நீங்கள் கேட்டது அந்த ஒரே உருளையை.

இங்கேதான் நீங்கள் இழந்ததைச் சொல்ல வேண்டும். சலிவனின் மெட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. குரலின் முதல் வரிகள் ஏறக்குறைய ஒரே சுரத்திலேயே போகின்றன. ‘ஒருநாள் ஆர்கன் முன்னால், அலுப்பாக, மனசு சரியில்லாமல்’ என்பதைப் பாடுகிறவர் ஜபம் சொல்வதுபோல ஒரே இடத்தில் நின்று சொல்வார். கீழே பியானோவின் கார்டுகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். விரல் அலைகிறது, ஆள் அசையவில்லை. அந்தக் கார்ட் வரும்போதுதான் மெட்டு எழும்பத் தொடங்கும். கடைசிப் பாவில் முழுக் குரலோடு திறந்துவிடும். வரிகள் தெரிந்தவருக்கு அந்த ஒற்றைச் சுரம் ஒரு மனநிலை. தெரியாதவருக்கு யாரோ கார்னெட்டில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதுகிறார். உங்களுக்கு ஏமாற்றமாக இருந்ததில் உங்கள் காதின் குற்றம் எதுவும் இல்லை.

சலிவனே அந்த வருடம் அக்டோபர் 5-ல், கூரோ கொடுத்த விருந்து ஒன்றில் அந்த இயந்திரத்துக்குள் பேசினார். அந்தப் பதிவும் இருக்கிறது, தேடிக் கேளுங்கள், இதைவிடத் தெளிவு. இன்றைய சோதனைகளைக் கேட்டு வியந்தும் கொஞ்சம் மிரண்டும் போயிருக்கிறேன் என்கிறார். இயந்திரத்தின் ஆற்றலைக் கண்டு வியப்பு, இவ்வளவு அசிங்கமான மோசமான இசையும் என்றென்றைக்கும் பதிவாகி நிற்கப்போகிறதே என்று மிரட்சி. அவர் சொன்னது இன்று நம் போன்களில் பலித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் ராபர்ட் பிரௌனிங் ஒரு விருந்தில் தன் கவிதையையே சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்து, மன்னிப்புக் கேட்டதும் மெழுகில் இருக்கிறது. டென்னிசன் குரலும் 1890-ல் ஏறியது. அடிலெய்டு வீட்டு வட்டத்து ஆண் கவிஞர்களின் தடுமாற்றம்கூடப் பத்திரமாக இருக்கிறது. அவர் குரல் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை; அந்த மெழுகு இயந்திரம் லண்டன் வருவதற்கு இருபத்துநான்கு வருடம் முந்திப் போய்விட்டார்.

வரிகள் மெஷினுக்குள் வந்தது பிற்பாடுதான். இசைத்தட்டுக் காலத்தில் இதைப் பாடாத பெரிய குரல் குறைவு. எனக்குப் பிடித்தது இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ. 1912 ஏப்ரல் 29-ல், டைட்டானிக் மூழ்கி இரண்டு வாரத்தில், பலியானவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நடந்த கச்சேரியில் இதைப் பாடினார். அதே வருடம் தட்டாகவும் வந்தது. நேப்பிள்ஸ்காரரின் ஆங்கிலம், உச்சரிப்பு கொஞ்சம் உருளும். ஆனால் கடைசி ஆமெனில் அவர் திறக்கிற தொண்டையைக் கேட்டால் உச்சரிப்பை மறந்துவிடுவீர்கள். அதற்குள் இந்தப் பாட்டு கேலிக்கும் ஆளாகத் தொடங்கியிருந்தது. 1947-ல் ஜிம்மி டுரான்டி என்ற நகைச்சுவை நடிகர், தொலைந்த அந்தக் கார்டைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று பாடினார். கல்லூரிப் பாடத்திட்டத்தில் ப்ராக்டர் இல்லை, கிறிஸ்டினா ரொசெட்டி இருக்கிறார். கவிஞராக ரொசெட்டி பெரியவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இருந்தாலும் ப்ராக்டரை வெறும் கண்ணீர்க் கவிஞர் என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள், புத்தகத்தைத் திறக்கவில்லை.

பாட்டைச் சுற்றி இன்னும் சில கதைகள் உங்களுக்கு எதிர்ப்படும். சலிவனின் காதலி ஃபேனி ரொனால்ட்ஸ் இதை அற்புதமாகப் பாடுவார் என்பதும், கைப்பிரதியை அவருக்கே சலிவன் உயிலில் விட்டார் என்பதும் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. 1916-ல் அந்தப் பிரதி அவரோடு சவப்பெட்டியிலேயே போய்விட்டது என்பது நல்ல கதை. ஆனால் கைப்பிரதி வேறு கைகளுக்குப் போனதாகவும் செய்தி இருப்பதால், புதைந்தது ஒரு நகலாக இருக்கலாம். கவிதையில் வரும் ஆர்கன் எந்தக் கோயிலுடையது என்று ஊர் பெயரோடு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சென்னையில் இருந்தால் ஒரு கூடுதல் செய்தி. இதே மாதிரிப் புனைபெயரில் எழுதி, வரிகள் பாட்டாகி, தட்டுகளில் உலகம் சுற்றிய இன்னொரு ஆங்கிலேயப் பெண் கவிஞர் நம்ம ஊர் மண்ணில்தான் கிடக்கிறார். அடிலா ஃப்ளாரன்ஸ் நிக்கல்சன். ‘லாரன்ஸ் ஹோப்’ என்று ஆண் பெயரில் எழுதினார். ஷாலிமார் தோட்டத்தில் நேசித்த வெளிர்க்கரங்களைப் பற்றிய அவருடைய காஷ்மீரப் பாட்டுக்கு ஏமி உட்ஃபோர்டு-ஃபிண்டன் 1902-ல் இசையமைத்தார். மௌனப்பட நாயகன் ரூடால்ஃப் வாலன்டினோகூட அதைப் பாடிப் பதிந்திருக்கிறார். ராணுவத் தளபதியான கணவர் 1904-ல் சென்னையில் இறந்த இரண்டே மாதத்தில் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இருவருக்கும் கல்லறை தீவுத்திடல் பக்கம் இருக்கும் செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டத்தில். அது தனிக் கதை, கேட்டால் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் ஒலித்துண்டுக்குத் திரும்பினால், முதலில் கரூசோவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை கேளுங்கள். அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு 1888-க்குப் போங்கள். ஆங்கில மூலத்தின் முதல் வரிக்கு எட்டு அசை. இரைச்சலுக்குக் காது பழகியதும், கார்னெட் அந்த ஒற்றைச் சுரத்தில் நிற்கிற இடத்தை விரலால் தட்டி எண்ணிப் பாருங்கள்.